புதுக் கேரவனில் ஒழுகும் இடத்தைக் கண்டுபிடித்து அடைப்பது எப்படி?

புதுசுதானே, ஒழுகாது என்று நம்பிவிடாதீர்கள். டர்பனில் டிசம்பர், ஜனவரி மழையில் மூன்று வாரம் நின்றதற்கே என் கேரவனில் படுக்கைக்கு அடியிலிருந்த பிளைவுட் ஓரம் உப்பி, விரல் வைத்து அழுத்தினால் உள்ளே போனது.

முதலில் மெத்தைகளை எடுத்துவிட்டு, அலமாரிகளைத் திறந்து, மூலைகளில் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடியுங்கள். நேராக அடித்தால் தெரியாத வீக்கம் அப்போது நிழல் தட்டும். குறை தெரிந்தால் எதையும் கழற்றாமல் படம் எடுத்து, விற்றவருக்கு எழுத்தில் அனுப்புங்கள். தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கிய ஆறு மாதத்துக்குள் பழுதுபார்த்துத் தரவோ, மாற்றித் தரவோ, பணத்தைத் திருப்பித் தரவோ கேட்கலாம். நாமே கை வைத்துவிட்டால் அந்த உரிமை சிக்கலாகிவிடும்.

அப்புறம் தண்ணீர்ச் சோதனை. இதில்தான் நான் ஒரு சனிக்கிழமை முழுவதையும் தொலைத்தேன். கூரையிலிருந்து ஹோஸ் பைப்பை அடித்தேன், ஜன்னலுக்குக் கீழே சொட்டியது, ஜன்னலைச் சுற்றி அடைத்தேன். அடுத்த மழையில் அதே இடத்தில் ஈரம். கூரை ஓரப் பட்டை வழியாக நுழைந்த தண்ணீர் சுவருக்குள்ளேயே இறங்கி வந்திருக்கிறது! அதனால் கீழிருந்து தொடங்குங்கள். உள்ளே ஒருவர் டார்ச்சோடு உட்கார்ந்திருக்கட்டும், ஒவ்வொரு இணைப்பிலும் பத்து நிமிடம் ஊற்றி மெல்ல மேலே ஏறுங்கள், எங்கே ஊற்றும்போது சொட்டத் தொடங்குகிறதோ அங்கேதான் வழி. பிரஷர் வாஷர் மட்டும் வேண்டாம், நல்ல இணைப்புக்குள்ளும் தண்ணீரைத் திணித்துவிடும்.

விற்றவர் செய்து தராவிட்டால், அல்லது கெடு முடிந்திருந்தால், நீங்களே அடைக்கலாம். வெளி இணைப்புகளுக்கு நான் சிலிக்கானைத் தொடவே மாட்டேன். பிறகு அதன்மேல் எதுவும் ஒட்டாது, வினிகர் வாடை அடிக்கும் வகை அலுமினியத்தையும் அரிக்கும். பட்டையைக் கழற்றி, பழைய பசையை பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்து, மெத்திலேட்டட் ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிட்டு (அக்ரிலிக் ஜன்னலில் ஸ்பிரிட் படக்கூடாது, நுண்விரிசல் விடும்), அடியில் பியூட்டில் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் நாடா) வைத்துப் பட்டையைத் திரும்ப முடுக்குங்கள். ஓரம் முழுக்கப் பிதுங்க வேண்டும். மறுநாள் வெயிலில் இளகியதும் இன்னொரு முறை முடுக்கி, பிதுங்கியதை வெட்டுங்கள்.

பின்சேர்க்கை: கேஸ் சிலிண்டர் வைக்கும் பெட்டியின் தரையிலிருந்த ஓட்டையையும் சேர்த்து அடைத்துவிட்டதாகச் சாட்ஸ்வர்த்திலிருந்து ஓர் அக்கா எழுதியிருந்தார். அக்கா, அதை உடனே திறந்துவிடுங்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு தங்கிவிடும், அது வெளியேறத்தான் அந்த ஓட்டை. ஜன்னல் சட்டத்தின் அடியிலுள்ள சிறு துளைகளையும் அடைக்காதீர்கள், சட்டத்தில் சேரும் தண்ணீர் அதன் வழியாகத்தான் வடிகிறது.