சத்து மாத்திரை வாங்கும் முன்: கல்லூரி விளையாட்டு வீரர்களுக்கான செய்முறை

நேற்றுவரை எளிதாக ஓடிய வேகத்திலேயே இன்று மூச்சு வாங்குகிறது என்றால், கல்லூரி அணியில் ஆடும் பலர் முதலில் தேடுவது ஏதேனும் ஒரு சத்துப் பொடியைத்தான். அதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டுப் பின்வரும் வரிசையில் செல்லுங்கள்.

படி 1: சாப்பாட்டைக் கணக்கிடுங்கள்

மூன்று நாட்களுக்கு உண்டது அனைத்தையும் எழுதி வையுங்கள். 55 கிலோ எடையுள்ள ஒரு வீராங்கனையின் உடலில் கொழுப்பு 20 விழுக்காடு என்றால், கொழுப்பு நீங்கலான எடை 44 கிலோ. அவர் நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்டு, பயிற்சியில் 700 கலோரி செலவிட்டால், எஞ்சும் 1,300 கலோரியை 44 கிலோவால் வகுக்க, கிலோவுக்கு 30 கலோரிகூடத் தேறாது. பெண்களுக்கு இந்த அளவு 45-ஐ ஒட்டி இருப்பது நல்லது. 30-க்குக் கீழே நீடித்தால் மாதவிடாய் தவறவும் எலும்பு வலுவிழக்கவும் கூடும். வகுப்புக்கும் பயிற்சிக்கும் இடையே சாப்பிட நேரமின்றி ஓடுபவர்களுக்கு, தாம் குறைவாக உண்பதே தெரிவதில்லை. இந்தப் பள்ளத்தை எந்த மாத்திரையும் நிரப்பாது.

படி 2: ரத்தப் பரிசோதனை

ஹீமோகுளோபினை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். உடலின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் முதலில் குறையும். ஹீமோகுளோபின் அதன் பிறகே சரியும். ஃபெரிட்டின் லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் இருப்பு தீர்ந்துவிட்டது என்று பொருள். விளையாட்டு மருத்துவர்கள் பலர் 30-க்குக் கீழே வந்ததுமே கவனிக்கத் தொடங்குகிறார்கள். காய்ச்சலின்போதோ கடும் பயிற்சிக்கு மறுநாளோ ரத்தம் கொடுத்தால் ஃபெரிட்டின் பொய்யாகக் கூடிக் காட்டும் என்பதால், ஓய்வு நாளுக்குப் பின் செல்லுங்கள். உள்ளரங்கிலேயே பயிற்சி செய்பவர்கள் வைட்டமின் டி அளவையும், விலங்கு உணவு எதையும் உண்ணாதவர்கள் பி12 அளவையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

படி 3: இரும்புச்சத்து மாத்திரை

குறைபாடு உறுதியான பிறகு, மருத்துவர் சொன்ன அளவில் மட்டுமே தொடங்குங்கள். கடும் பயிற்சி முடிந்த 3 முதல் 6 மணி நேரத்தில் ஹெப்சிடின் என்னும் ஹார்மோன் உயர்ந்து, குடல் இரும்பை ஈர்ப்பதைத் தடுக்கிறது. ஆகவே காலையில், பயிற்சிக்கு முன்பாகவே விழுங்கிவிடுங்கள். வைட்டமின் சி உள்ள பழச்சாறு உதவும். காபி, தேநீர், கால்சியம் மாத்திரை ஆகியவற்றை அதனுடன் சேர்க்க வேண்டாம். வயிறு ஒத்துக்கொள்ளவில்லை என்றால், ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மலம் கருமையாவது இயல்பே. அதைக் கண்டு பயந்து நிறுத்துபவர்கள் பலர்.

படி 4: டப்பாவைச் சோதியுங்கள்

எடுத்துக்கொண்ட பொருளில் தடை செய்யப்பட்ட ஊக்கமருந்து கலந்திருந்தால், தெரியாமல் உட்கொண்டாலும் பொறுப்பு வீரருடையதே. சுயேச்சையான ஆய்வகத்தில் ஒவ்வொரு தொகுதியாகச் சோதிக்கப்பட்டதற்கான முத்திரை உள்ளவற்றை மட்டுமே வாங்குங்கள்.

படி 5: மறுபரிசோதனை

8 முதல் 12 வாரங்களில் அதே பரிசோதனையை மீண்டும் செய்யுங்கள். ஃபெரிட்டின் ஏறவில்லை என்பதற்காக நீங்களாகவே அளவை இரட்டிப்பாக்க வேண்டாம். மிகுதியான இரும்பை வெளியேற்ற உடலுக்குத் தனி வழி கிடையாது, அது கல்லீரலில் படியும். முதல் படியின் கணக்கை மறுபடி எடுத்துக்கொண்டு, மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகமா, குடலில் கோளாறு உண்டா என்பதை மருத்துவரிடம் பேசுங்கள்.