புதிய வட இந்திய உணவகம்: மதியம் பஃபேயில் நோட்டம், இரவில் ஆர்டர்

சென்னையில், வேளச்சேரியிலோ அண்ணா நகரிலோ துரைப்பாக்கத்திலோ உங்கள் தெருமுனையில் ஒரு வட இந்திய உணவகம் திறந்திருக்கிறது. மதியம் பஃபே (ஒரே விலைக்கு வேண்டியதை நாமே எடுத்துச் சாப்பிடுவது), இரவு மெனு கார்டு பார்த்து ஆர்டர். முதல் தடவை எதற்குப் போவது? டிபன் கடையாக இருந்தால் இந்தக் கேள்வியே எழாது. ஒரு தோசை, ஒரு காபி. கடையின் யோக்கியதை தெரிந்துவிடும். ஆனால் கோஃப்தா எது, கோர்மா எது என்றே பிடிபடாத நிலையில், நாலு பக்க மெனு கார்டைப் பிரித்துவைத்துக்கொண்டு பக்கத்து மேஜையை எட்டிப் பார்ப்பவர்களுக்காகத்தான் இந்த விளக்கம்.

என் பரிந்துரை இது: முதலில் வாரநாள் ஒன்றில் மதிய பஃபே, பிறகு ஒரு நாள் இரவு ஆர்டர். கூடவே ஒரு நிபந்தனை. பஃபேயில் பிடித்துப்போன பதார்த்தங்களையே இரவில் மறுபடி கேட்காதீர்கள். பஃபேயால் தர முடியாததைக் கேளுங்கள். அது என்ன என்பதைப் போகப் போகச் சொல்கிறேன்.

படி 1: கிளம்புவதற்கு முன் ஒரு போன்

வாசலில் போய் நின்று விசாரிப்பதைவிட இது நல்லது, ஏனென்றால் வாசல்வரை போய்விட்டால் நம்மில் பெரும்பாலோர் கூச்சத்தில் உள்ளே போய்விடுவோம். வாரநாள் விலை என்ன, சனி ஞாயிறு விலை என்ன? இரண்டும் பெரும்பாலும் ஒன்றாக இருக்காது. வரி சேர்த்தா, தனியா? குழந்தைகளுக்குக் குறைந்த கட்டணம் உண்டா, எந்த வயதுவரை? ஸ்டார்ட்டர் மேஜைக்கு வருமா, நாமே எடுத்துக்கொள்ள வேண்டுமா? குளிர்பானமும் ஐஸ்கிரீமும் அந்த விலைக்குள் அடங்குமா? தட்டில் மீதம் வைத்தால் அபராதம் என்று சில இடங்களில் பலகை வைத்திருப்பார்கள், அதையும் கேட்டுவிடுங்கள்.

போனில் பொறுமையாகப் பதில் சொல்லாத கடை, நேரில் மட்டும் உபசரித்துவிடும் என்று எனக்குத் தோன்றுவதில்லை.

படி 2: நாளும் நேரமும்

பஃபேயின் தரத்தைத் தீர்மானிப்பதில் சமையல்காரருக்கு இருக்கும் பங்கு கூட்டத்துக்கும் உண்டு. பாத்திரம் வேகமாகக் காலியானால் புதிது வரும். காலியாகாவிட்டால் பன்னிரண்டு மணிக்கு வைத்த குருமாவே இரண்டரைக்கும் அங்கே உட்கார்ந்திருக்கும். ஆகவே அலுவலகக் கூட்டம் வரும் வாரநாளில், ஒரு மணியை ஒட்டிப் போங்கள். ஐடி அலுவலகங்கள் நிறைந்த பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் இருப்பவர்களுக்கு இதில் சிரமமே இல்லை. பன்னிரண்டுக்கே போய் நின்றால் பாதிப் பதார்த்தங்கள் வெளியே வந்திருக்காது. இரண்டரைக்குப் போனால் வழித்துப் போட்டதுதான் மிஞ்சும்.

புரட்டாசியில் மட்டும் கணக்கு மாறும். அசைவம் சாப்பிடும் பல வீடுகள் அந்த மாதம் நிறுத்திவிடுவதால் சிக்கன், மீன் பாத்திரங்கள் மெதுவாகத்தான் காலியாகும். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு அதுவே நல்ல மாதம்; அசைவத்தைச் சோதித்துப் பார்க்க விரும்புகிறவர்கள் ஐப்பசி பிறக்கும்வரை பொறுக்கலாம்.

படி 3: தட்டை எடுக்காமல் ஒரு சுற்று

நம் ஊர்ப் பந்தியில் இலையின் முன் உட்கார்ந்துவிட்டால் எது முதலில், எது பிறகு என்பதைப் பரிமாறுகிறவர் பார்த்துக்கொள்வார். பஃபேயில் அந்தப் பொறுப்பு நம் தலையில். எனவே வெறுங்கையோடு ஒரு முறை முழுதாக நடந்து பாருங்கள். மூடி போட்ட நீண்ட எவர்சில்வர் பாத்திரங்கள் வரிசையாக இருக்கும். உள்தட்டுக்கு அடியில் வெந்நீர், அதற்கும் கீழே சின்ன டப்பாவில் எரிபொருள். மூடியைத் திறந்தால் ஆவி முகத்தில் அடிக்க வேண்டும். டப்பா அணைந்துபோய், கிரேவியின் மேல் ஆடை படிந்து, ஓரத்தில் மசாலா காய்ந்து ஒட்டியிருந்தால் அந்தப் பாத்திரத்தைத் தாண்டிப் போங்கள். இது ருசியைப் பற்றிய பேச்சு மட்டும் இல்லை. 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். வெதுவெதுப்பான சிக்கன் என்பது அந்த எல்லைக்குள் மாட்டிக்கொண்ட சிக்கன். இதே காரணத்தால் தயிர்ப் பச்சடியும் வெட்டிய பழங்களும் சில்லென்று இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பெரிய பாத்திரம் நிறைய வைத்துவிட்டு மறந்துபோகும் கடை ஒரு ரகம். பாதி அளவு வைத்து, தீரத் தீரக் கொண்டுவரும் கடை இன்னொரு ரகம். பார்வைக்கு முதலாவது தாராளமாகத் தெரியும். நான் இரண்டாவதைத்தான் நம்புவேன்.

படி 4: சாப்பிடும் வரிசை

சூப்பை விட்டுவிடுங்கள். சோளமாவு கரைத்த ஸ்வீட் கார்ன் சூப் ஒரு கிண்ணம் உள்ளே போனால் பாதி வயிறு போயிற்று. கோபி மஞ்சூரியன், நூடுல்ஸ் விஷயத்திலும் அதே யோசனைதான். சென்னையில் எந்த வட இந்திய பஃபேக்குப் போனாலும் இவை வந்து நிற்கும், ஆனால் அந்தச் சமையலறையைப் பற்றி இவை எதுவும் சொல்லாது.

முதல் தட்டில் ஒவ்வொரு கிரேவியிலும் ஒரே ஒரு கரண்டி, சின்னக் கிண்ணங்களில் தனித்தனியாக. தட்டில் ஊற்றினால் நான்கும் ஓடிக் கலந்து ஐந்தாவதாக ஒன்று பிறக்கும். அதை வைத்து எந்தக் கடையையும் மதிப்பிட முடியாது. ரொட்டியைக் கிள்ளித் தொட்டுப் பாருங்கள். சோறும் பிரியாணியும் இரண்டாவது தட்டுக்கு.

எதை வைத்து மதிப்பிடுவது? காத்திருந்தாலும் கெடாத பதார்த்தங்களை வைத்து. தால் மக்கனியில் முழுக் கறுப்பு உளுந்தை ஊறவைத்து, மணிக்கணக்காகச் சிறு தீயில் வேகவிட்டு, வெண்ணெயும் கிரீமும் சேர்ப்பார்கள். ராஜ்மா (சிவப்பு பீன்ஸ்), சோலே (கொண்டைக்கடலை) இரண்டும் இதே இனம். இவை பாத்திரத்தில் காத்திருக்கக் காத்திருக்கச் சுவை கூடும் சங்கதிகள். இவையே சரியில்லை என்றால், பருப்பு வேகும்வரை பொறுக்காத சமையலறை என்று எழுதிவைத்துக்கொள்ளலாம். உளுந்து முழுதாகத் தெரிய வேண்டும், விரலால் அழுத்தினால் மாவாக நசுங்க வேண்டும்.

பஃபேயை வைத்து நியாயமாக மதிப்பிட முடியாதவை நான் ரொட்டி, பக்கோடா, மீன், தந்தூரி சிக்கன். மைதாவில் செய்யும் நான், தந்தூர் என்னும் மண் அடுப்பின் சூட்டில் இரண்டு நிமிடத்துக்குள் உப்பி வந்துவிடும். கூடையில் பத்து நிமிடம் கிடந்தால் தோலாகிவிடும். மூடிக்குள் வைத்த பக்கோடா தன் ஆவியிலேயே நமத்துப்போகும். இவற்றை வைத்துக் கடையைத் திட்டாதீர்கள். இவைதான் இரவுக்காக நீங்கள் ஒதுக்கிவைக்க வேண்டியவை.

வரிசையின் கடைசியில் ஒரு தயிர்சாதம் இருக்கும். பஞ்சாபிலிருந்து சமையல்காரரையே வரவழைத்தாலும் சென்னையில் அதை வைக்காமல் கடை நடத்த முடியாது போலிருக்கிறது. கூச்சப்படாமல் எடுத்துக்கொள்ளுங்கள், நானும் எடுத்துக்கொள்வேன்.

படி 5: இரவு ஆர்டர்

ஏழரை மணிக்குப் போங்கள். குடும்பக் கூட்டம் எட்டரைக்கு மேல்தான் வரும். அதற்குள் உங்கள் ஆர்டர் சமையலறைக்குள் போயிருக்கும், ஆர்டர் எடுக்கும் கேப்டனுக்கும் நின்று பதில் சொல்ல நேரம் இருக்கும்.

புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான்: பனீர் பட்டர் மசாலா, பனீர் மக்கனி, பனீர் லபாப்தார் என்று மூன்றைச் சொல்லிவிட்டு, மூன்றும் ஒரே மாதிரி இருக்கின்றன என்று முகம் சுளிப்பது. இருக்கத்தான் செய்யும். பெரும்பாலான வட இந்தியச் சமையலறைகளில் காலையிலேயே சில அடிப்படைக் கிரேவிகளைத் தயாரித்து வைத்துவிடுவார்கள். தக்காளியும் வெண்ணெயும் சேர்ந்த சிவப்பு ஒன்று, முந்திரி அரைத்த வெள்ளை ஒன்று, வெங்காயத்தை வதக்கிய பழுப்பு ஒன்று. மெனு கார்டின் நீளமான பட்டியலில் பெரும்பகுதி இவற்றின் கூட்டல் கழித்தல்தான். ஆகவே பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காமல் நிறத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பட்டர் சிக்கன் சொன்னால் அது சிவப்பு. கூடவே மலாய் கோஃப்தாவோ (பனீர் உருண்டை) கோர்மாவோ (நம் குருமாவின் உறவு) சொன்னால் பல கடைகளில் அது வெள்ளை. இரண்டில் ஒன்று வேண்டாம் என்றால் அதற்குப் பதிலாகக் கடாய் வகையோ (குடமிளகாய் சேர்த்து வதக்கியது), ஜீரா ஆலு (சீரக உருளை) போன்ற உலர்ந்த பொரியலோ இருக்கட்டும். குழப்பமாக இருந்தால் கேப்டனிடமே கேளுங்கள்: "இந்த இரண்டும் ஒரே கிரேவியா?" நேர்மையான கேப்டன் சிரித்துக்கொண்டே "ஆமாம் சார், வேறு ஒன்று சொல்கிறேன்" என்பார்.

நான்கு பேருக்கு என் ஆர்டர் இப்படி இருக்கும்: தந்தூரில் சுட்ட ஒன்று (சிக்கனோ பனீர் டிக்காவோ), வெவ்வேறு நிறத்தில் இரண்டு கிரேவிகள், ஒரு தால், ரொட்டி வகைகள், கடைசியில் ஒரே ஒரு சாதம் அல்லது புலாவ். வெங்காயமும் எலுமிச்சையும் கேட்காமலே வரும். ரொட்டியை மட்டும் ஒரேயடியாக எட்டு என்று சொல்லாதீர்கள். முதலில் இரண்டு நான், அவற்றைக் கிழித்துப் பகிர்ந்து தீர்க்கும்போது அடுத்த இரண்டு. சர்வர் சற்றே அலுத்துக்கொள்ளலாம். பரவாயில்லை, தந்தூரிலிருந்து நேராக வரும் நானுக்காகத்தான் நீங்கள் இரவில் வந்திருக்கிறீர்கள். கோதுமைதான் வேண்டும் என்றால் தந்தூரி ரொட்டி. கவிழ்த்த கடாயின் முதுகில் சுட்டெடுக்கும் ருமாலி ரொட்டி மெலிதானது, ஆறினால் இன்னும் சீக்கிரம் விறைத்துவிடும்.

வீட்டுப் பெரியவர்களை அழைத்துப் போனால் முந்திரி கிரேவியை "தித்திக்கிறது" என்று ஒதுக்கிவிட வாய்ப்பு அதிகம். அவர்களுக்கு தால் தட்காவும் ஜீரா சாதமும் சொல்லிவிடுங்கள். சீரகம், பூண்டு, மிளகாய் தாளித்த பருப்பு. நம் நாக்குக்கு அந்நியமாகத் தெரியாது.

முதல் இரவையே வீட்டுக்கு வரவழைக்கும் பார்சலில் கழிக்காதீர்கள். அலுமினியத் தாளுக்குள் நான் ரொட்டி வெந்து ஊறி வருவதும் பஃபே கூடையில் கிடப்பதும் ஒன்றுதான்.

படி 6: கணக்கு

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். எண்கள் நான் வைத்துக்கொண்டவை, உங்கள் கடையின் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். பஃபே தலைக்கு 600 ரூபாய் என்றால் நான்கு பேருக்கு 2400, ஐந்து சதவீத ஜிஎஸ்டி 120, மொத்தம் 2520. இரவு ஆர்டரில் தந்தூரி 380, கிரேவிகள் 640, தால் 260, எட்டு ரொட்டிகள் 480, சாதம் 220. கூட்டினால் 1980, வரி 99, மொத்தம் 2079. பஃபேதான் மலிவு என்ற நினைப்பு எல்லா மேஜைக்கும் பொருந்தாது. இரண்டு வளரும் பையன்கள் இருக்கும் குடும்பத்துக்கு பஃபே லாபம். இரண்டு ரொட்டியோடு எழுந்துவிடும் பாட்டிக்கு அதே 600 ரூபாய் நஷ்டம்.

பில் வந்ததும் மூன்று இடங்களைப் பாருங்கள். வரி சாதாரண உணவகத்தில் 5 சதவீதம், பெரும்பாலும் மத்திய, மாநிலப் பங்காக 2.5, 2.5 என்று பிரித்து அச்சிட்டிருக்கும். அறை வாடகை நாளுக்கு 7500 ரூபாயைத் தாண்டும் பெரிய ஹோட்டல்களுக்குள் இருக்கும் உணவகமாக இருந்தால் 18. இரண்டாவது, உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் பில்லில் இருக்க வேண்டும். மூன்றாவது, 'சர்வீஸ் சார்ஜ்'. இதைத் தானாக பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. டில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. இருந்தால் நீக்கச் சொல்லுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. டிப்ஸ் உங்கள் விருப்பம். ரொட்டிக்காக நாலு முறை நடந்த சர்வருக்கு நான் குறைக்க மாட்டேன்.

தனியாகச் சாப்பிடப் போகிறவர்களுக்கு

மேலே சொன்னவை எல்லாம் குடும்பத்துக்கும் நண்பர் கூட்டத்துக்கும் பொருந்தும். தனி ஆள் இரவில் போனால் ஒரு கிரேவியிலேயே வயிறு நிறைந்துவிடும். மூன்று கிரேவிகளை ஒப்பிட வழியே இல்லை. அப்படிப்பட்டவர்கள் பஃபேயோடு நிறுத்திக்கொள்ளலாம், அல்லது இரவில் அரை அளவு கிடைக்குமா என்று கேட்டு, ஒரு அரை தந்தூரி, ஒரு தால், இரண்டு நான் என்று முடித்துக்கொள்ளலாம். மிஞ்சுகிற தாலை பார்சல் கட்டித் தரச் சொல்லுங்கள். மறுநாள் காலை சூடாக்கி, தோசைக்குத் தொட்டுக்கொண்டால் நன்றாக இருக்கும்.