மாதப் பணம் தருவதாக எழுதிக் கொடுத்தால் போதுமா? குடும்பப் பத்திரங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செட்டிநாட்டில் ஒரு வீட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு இருப்பது சாதாரணம். பங்காளிகளில் ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், இன்னொருவர் ஊரோடு இருப்பார். விடுதலை, செட்டில்மெண்ட், பாகப்பிரிவினை என்று ஏதாவது ஒரு பத்திரம் எழுதிக்கொண்டே இருப்போம். சர்வே எண்ணில் ஓர் இலக்கம் மாறினால் உடனே கண்டுபிடித்துத் திருத்துகிறோம். ஆனால் ‘இன்னாருக்கு மாதம் இவ்வளவு தருவது’ என்று ஒரு வரி வருமே, அந்தப் பணம் வராவிட்டால் யார் வழக்குப் போட முடியும் என்று கேட்பவர்கள் குறைவு. அந்த வரியை நம்பிக் கடைசிக் காலத்தைக் கழிப்பது பெரும்பாலும் வயதான பெண்கள். அவர்களுக்காகத்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி ஒரு வாக்குறுதி நீதிமன்றத்தில் நிற்க, அதற்குப் பிரதிபலன் வேண்டும். வாக்குக் கொடுப்பவர் கேட்டுக்கொண்டபடி, வாக்கைப் பெறுபவரோ வேறு யாருமோ ஒன்றைச் செய்தால், செய்யாமல் விட்டால், அல்லது செய்வதாக ஒப்புக்கொண்டால், அது பிரதிபலன் என்கிறது 2(டி) பிரிவு. பிரதிபலன் இல்லாத உடன்படிக்கை செல்லாது என்பது 25-ஆம் பிரிவு. அதற்குச் சில விலக்குகள் உண்டு. இது ஒரு பக்கம். வழக்குப் போடுபவர் அந்த ஒப்பந்தத்தில் ஒரு தரப்பாக இருக்க வேண்டும் என்பது இன்னொரு பக்கம். இதைத்தான் வக்கீல்கள் பிரிவிட்டி என்பார்கள்.

அடிக்கடி பார்க்கும் தவறு ஒன்றைச் சொல்கிறேன். அப்பச்சி (அப்பா) காலமான பிறகு தம்பி தன் அக்காவிடம் வந்து, “ஆச்சி, உங்க பங்கை என் பேருக்கு விட்டுக்கொடுங்க, மாசம் பத்தாயிரம் உங்க கணக்குல போட்டுவிடுறேன்” என்று கேட்கிறார். ஆச்சியும் சம்மதிக்கிறார். சார்பதிவாளர் அலுவலகத்தில் விடுதலைப் பத்திரம் பதிவாகிறது. அதில் எழுத்தர் பழக்கத்தில், ‘அன்பின் பேரில், எவ்விதப் பிரதிபலனும் பெறாமல்’ என்று எழுதிவிடுகிறார். மாதம் பத்தாயிரம் என்ற வாக்கோ ஒரு முத்திரைத்தாளில் தனியாக எழுதப்பட்டு, நோட்டரி முத்திரையோடு பீரோவுக்குள் போய்விடுகிறது.

இப்போது இரண்டையும் சேர்த்துப் படித்துப் பாருங்கள். ஆச்சி எதையும் எதிர்பார்க்காமல் பங்கை விட்டுக்கொடுத்தார் என்கிறது பதிவான பத்திரம். அப்படியானால் தம்பியின் வாக்குக்கு எதிரே என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை, பாசத்தில் எழுதிக் கொடுத்தேன் என்று தம்பி வாதாடலாம். பாசத்தில் கொடுத்த வாக்கும் செல்லும், ஆனால் 25(1) பிரிவு கேட்பவை எல்லாம் இருக்க வேண்டும். எழுத்தில் இருக்க வேண்டும், பதிவாகியிருக்க வேண்டும், நெருங்கிய உறவினர்களுக்குள் இயல்பான அன்பினால் கொடுத்ததாக இருக்க வேண்டும். நோட்டரி முன் கையெழுத்துப் போடுவது பதிவு ஆகாது. பலர் ஏமாறும் இடம் இதுதான்.

பங்கை விட்டதற்குப் பதிலாகத்தான் மாதப் பணம் என்று ஆச்சி சாட்சி வைத்து நிரூபிக்கலாம்தான். ஆனால் எழுபது வயதில், பதிவான பத்திரத்தின் வாசகத்துக்கு எதிராக அந்தப் பாடு எதற்கு? விடுதலைப் பத்திரத்திலேயே, ‘இந்தப் பங்கை விடுவதற்குப் பிரதிபலனாக மாதம் இவ்வளவு, ஆயுள் வரை’ என்று எழுதி, தம்பியையும் கையெழுத்துப் போடச் சொன்னால் வேலை முடிந்தது. ‘தவறினால் இந்தச் சொத்தின் மீதே அந்தத் தொகைக்குப் பொறுப்பு உண்டு’ என்ற வரியும் சேர்ந்தால், அதாவது பணம் வராவிட்டால் சொத்திலிருந்தே வசூலிக்கலாம் என்றால், இன்னும் நல்லது. நான் ஆச்சியின் வக்கீலாக இருந்தால் அந்தக் கடைசி வரி இல்லாமல் கையெழுத்துப் போட விடமாட்டேன்.

அன்பு என்று எழுதிப் பதிவும் செய்துவிட்டால் மட்டும் போதும் என்று நினைப்பதும் தவறு. 1900-இல் கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்கு வந்த ராஜ்லுக்கி தேபி வழக்கில், மனைவிக்குத் தனிக் குடித்தனச் செலவுக்குப் பணம் தருவதாகக் கணவர் பதிவுப் பத்திரமே எழுதிக் கொடுத்திருந்தார். ஆனால் இருவருக்கும் இடையே இருந்த சண்டை சச்சரவுகளை அந்தப் பத்திரமே விவரித்தது. இதில் அன்பு எங்கே இருக்கிறது என்று கேட்டு, அது செல்லாது என்றது நீதிமன்றம். மனக்கசப்பைத் தீர்க்க எழுதும் பத்திரமாக இருந்தால் அன்பைக் காரணம் காட்டாதீர்கள். வழக்கைக் கைவிடுவது, உரிமையை விடுவது என்று உண்மையில் கைமாறுவது எதுவோ அதை எழுதுங்கள்.

அடுத்தது, வக்கீல்களே சில சமயம் குழப்பிக்கொள்ளும் இடம். இங்கிலாந்துச் சட்டத்தில் வாக்கைப் பெறுபவரே பிரதிபலன் கொடுத்திருக்க வேண்டும். இந்தியாவில் வேறு எவர் கொடுத்திருந்தாலும் சரி. 1880-களில் மெட்ராஸ் உயர் நீதிமன்றம் தீர்த்த சின்னய்யா எதிர் ராமய்யா வழக்கை இதற்கு எல்லோரும் சொல்வார்கள். ஒரு மூதாட்டி தன் சொத்தை மகளுக்குத் தானமாக எழுதினார். தன் உடன்பிறந்தவருக்கு ஆண்டுதோறும் 653 ரூபாய் தர வேண்டும் என்பது நிபந்தனை. மகள் பிறகு தர மறுத்தார். உங்களிடமிருந்து எனக்கு எதுவும் வரவில்லையே என்பது அவர் வாதம். தாய் கொடுத்த சொத்தே பிரதிபலன்தான் என்று நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளிவிட்டது.

இதைப் படித்துவிட்டு, யாருக்காக ஒப்பந்தம் போட்டாலும் அவரே வழக்குப் போடலாம் என்று முடிவுகட்டுகிறார்கள். அங்கே ஒரு விவரம் விட்டுப்போகிறது. தானப் பத்திரம் எழுதிய அன்றே, அந்தத் தொகையைத் தருவதாக மகள் அந்த உடன்பிறந்தவருக்கு நேராகத் தனி உடன்படிக்கை எழுதிக் கொடுத்திருந்தார். அதனால் அவர் ஒப்பந்தத்தின் ஒரு தரப்பாகவே நீதிமன்றத்துக்கு வந்தார். பணத்தைப் பெற்றுத் தந்ததில் அந்த இரண்டாவது காகிதத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை எம்.சி. சாக்கோ எதிர் திருவிதாங்கூர் ஸ்டேட் வங்கி வழக்கில் 1969-இல் உச்ச நீதிமன்றம் காட்டியது. ஒரு குடும்பப் பத்திரத்தில், வங்கிக்குக் கடன் பாக்கி வந்தால் அதை இன்னாரே தன் சொத்திலிருந்து தீர்க்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். வங்கி அதைப் பிடித்துக்கொண்டு அந்த நபரிடம் கேட்டது. அந்தப் பத்திரத்தில் நீங்கள் தரப்பு இல்லை, அது குடும்பத்தார் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. தரப்பில்லாதவர் வழக்குப் போட முடியாது என்பதே இந்தியாவிலும் பொது விதி.

விலக்குகள் இருக்கின்றன, குடும்பங்களுக்கு அவை முக்கியமானவை. ஒருவரின் நன்மைக்காக டிரஸ்ட்டாகப் பணத்தையோ சொத்தையோ ஒதுக்கியிருந்தால், சொத்தின் மீது அவருக்காகப் பொறுப்பு ஏற்படுத்தியிருந்தால், பாகப்பிரிவினையிலோ குடும்ப ஏற்பாட்டிலோ ஒரு பெண்ணின் ஜீவனாம்சத்துக்கோ கல்யாணச் செலவுக்கோ வழி செய்திருந்தால், அவர் கையெழுத்து இல்லாமலே வழக்குப் போடலாம். 1910-இல், அந்நாளில் இந்திய வழக்குகளுக்கு இறுதி மேல்முறையீட்டு இடமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் தீர்த்த ஹுசைனி பேகம் வழக்கு இதற்கு நல்ல உதாரணம். கல்யாணத்தின்போது பேகம் சிறுமி. மாமனார் பேகத்தின் தந்தையோடு ஒப்பந்தம் செய்து, மருமகளுக்கு மாதம் 500 ரூபாய் தருவதாகச் சொல்லி, அதற்குச் சொத்தையும் பொறுப்பாக்கியிருந்தார். பெற்றோரே பேசி முடிக்கும் கல்யாணங்கள் நடக்கும் நாட்டில் ஆங்கில விதியை அப்படியே வைத்தால் பெரிய அநியாயம் நடக்கும் என்று சொல்லி, பேகத்துக்கே தீர்ப்புக் கிடைத்தது.

அதற்காக விலக்கை நம்பிப் பத்திரம் எழுதாதீர்கள். விலக்கில் வருகிறோமா என்பதை நிரூபிக்கவே பல வருடம் ஓடிவிடும். யாருக்குப் பணம் போக வேண்டுமோ அவர் பெயரைத் தரப்பாகச் சேர்த்து, அவர் கையெழுத்தையும் வாங்குங்கள்.

கல்யாணப் பேச்சு வந்ததால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நகரத்தார் திருமணங்களில் இசைகுடிமானம் என்ற திருமண ஒப்பந்த ஓலை எழுதும் வழக்கம் இருப்பதால், கேட்ட சீரையும் ஒரு காகிதத்தில் ஒப்பந்தமாக எழுதினால் வசூலிக்கலாம் என்று சிலர் எண்ணுகிறார்கள். வரதட்சிணை கொடுக்கவோ வாங்கவோ செய்யும் உடன்படிக்கை எதுவும் 1961-ஆம் ஆண்டு வரதட்சிணைத் தடுப்புச் சட்டப்படி செல்லாது. அப்படி ஒரு காகிதம் எழுதினால், வசூலுக்கு உதவாததோடு, குற்றத்துக்குச் சாட்சியாகவும் ஆகிவிடும்.

கோயில் காரியத்துக்கு வருவோம். நகரத்தார் கோயில்களில் புள்ளி வரி, அதாவது குடும்பக் கணக்கில் வரி, போட்டு வசூலிப்பது ஊரறிந்த முறை. அதற்கு மேல் கும்பாபிஷேகம், திருப்பணி என்றால் நன்கொடைப் பட்டியல் ஒன்று சுற்றி வரும். பெயரும் தொகையும் எழுதிவிட்டால் கடன் மாதிரி வசூலிக்கலாம் என்று காரியக்காரர்கள் நம்புகிறார்கள். ஹவுரா நகர மண்டபத்துக்கு 100 ரூபாய் தருவதாகக் கையெழுத்திட்ட ஒருவர், தர வேண்டியவரே என்று 1886-இல் கல்கத்தாவில் தீர்ப்பானது உண்மைதான். அந்தக் கையெழுத்துகளை நம்பித்தான் கட்டட ஒப்பந்தக்காரரிடம் வேலை ஒப்படைக்கப்பட்டது, அது கையெழுத்திட்டவருக்கும் தெரியும். 1930-களில் மெட்ராஸ் உயர் நீதிமன்றத்துக்கு வந்த துரைசாமி ஐயர் வழக்கில் நிலைமை நேர் எதிர். கோயில் பழுதுபார்க்கும் வேலை ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. பணம் போதாமல் பட்டியல் சுற்ற, ஒருவர் 125 ரூபாய் எழுதினார். அவர் எழுதியதால் எந்த வேலையும் புதிதாகத் தொடங்கவில்லை, அவர் எதையும் செய்யச் சொல்லிக் கேட்கவும் இல்லை. அதனால் வசூலிக்க முடியவில்லை.

ஆக, ஸ்தபதிக்கு முன்பணம் கொடுத்த பிறகு பட்டியலைச் சுற்ற விடுவதில் பயன் குறைவு. வேலை தொடங்கும் முன்பே நன்கொடையாளரிடம், ‘ராஜகோபுர வேலைக்கு இந்தத் தொகை தருகிறேன், இதை நம்பி வேலையை ஒப்படையுங்கள்’ என்று ஒரு கடிதம் வாங்க வேண்டும். பணத்தையே கையில் வாங்கிவிட்டால் இன்னும் நிம்மதி. கொடுத்து முடித்த கொடையைப் பிரதிபலன் இல்லை என்று சொல்லித் திரும்பக் கேட்க முடியாது.

சில சிறிய விஷயங்கள். பிரதிபலன் குறைவாக இருப்பதால் மட்டும் ஒப்பந்தம் கெடாது. பத்து லட்ச ரூபாய்ப் பங்கை ஒரு லட்சத்துக்கு மனமாரக் கொடுத்தால் செல்லும். ஆனால் மிரட்டியோ ஏமாற்றியோ வாங்கியதா என்று பார்க்கும்போது நீதிமன்றம் அந்த விலையையும் கணக்கில் எடுக்கும். காலாவதியான கடனைத் தருவதாக வாயால் சொன்னால் போதாது. கடன்பட்டவரோ அவரால் அதிகாரம் பெற்றவரோ எழுதிக் கையெழுத்திட வேண்டும். கொடுத்த கடனில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்வதற்குப் பிரதிபலன் தேவையில்லை, 63-ஆம் பிரிவு அதை அனுமதிக்கிறது. முன்பே செய்த உதவிக்காகப் பின்னால் கொடுக்கும் வாக்கும் இந்தியாவில் செல்லும். பெரியம்மாவை நோயில் பார்த்துக்கொண்ட பெண்ணுக்கு அவர் பிறகு எழுதிக் கொடுக்கும் வாக்கைப் ‘பழைய கதை’ என்று தள்ள முடியாது.

அடமானம் உள்ள நிலத்தை விற்கும்போது, கிரையத் தொகையில் ஒரு பகுதியை வாங்குபவரிடமே விட்டு, ‘அடமானக் கடனை அவர் கட்டிக்கொள்வார்’ என்று எழுதுவது இன்னும் நடக்கிறது. அந்த வரியை வைத்துக் கடன் கொடுத்தவர் வாங்குபவர் மீது நேரடியாக வழக்குப் போட முடியாது என்று ஜம்னா தாஸ் வழக்கில் பிரிவி கவுன்சில் சொன்னது. நிலத்தின் மீதான அடமானமும் போகாது, விற்றவரின் சொந்தப் பொறுப்பும் தீராது. விற்றுவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவருக்குத்தான் நோட்டீஸ் வரும். கிரையம் நடக்கும் அன்றே கடன் கொடுத்தவரையும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வரவழைத்து, பணத்தைக் கொடுத்து, அடமானம் தீர்ந்ததற்கான ரசீதையும் பதிவு செய்துவிடுங்கள்.

வீட்டைப் புதுப்பிக்கும்போதும் இதே கதை. வீட்டுக்காரர் ஒப்பந்தக்காரரிடம் மொத்த வேலையையும் விடுகிறார். ஒப்பந்தக்காரர் ஆத்தங்குடிக் கல் பட்டறையில் பூக்கல்லுக்கு ஆர்டர் கொடுக்கிறார். கல் முகப்பில் பதிக்கப்பட்ட பிறகு ஒப்பந்தக்காரர் பணம் தராமல் போய்விட்டால், பட்டறைக்காரர் வீட்டுக்காரர் வாசலில் வந்து நிற்பார். கல் அங்கே இருக்கிறது என்பதற்காகவே வீட்டுக்காரர் மீது வழக்கு நிற்காது, அவரோடு பட்டறைக்கு ஒப்பந்தம் இல்லை. அதுபோல, ஆறே மாதத்தில் கல் வெடித்தால் ஒப்பந்தச் சட்டப்படி வீட்டுக்காரர் கேட்க வேண்டியது ஒப்பந்தக்காரரைத்தான். பெரிய ஆர்டராக இருந்தால், பட்டறை வேலையைத் தொடங்கும் முன்பே மூவரும் ஒரே கடிதத்தில் கையெழுத்திடுங்கள். எத்தனை சதுர அடி, என்ன டிசைன், பணத்தை யார் எந்தத் தேதியில் நேரடியாகப் பட்டறைக்குக் கொடுப்பது, உடைந்து வந்த கல்லை யார் மாற்றித் தருவது என்பதெல்லாம் அதில் இருக்கட்டும்.