ரியோஹா வாங்கப் போகிறீர்களா? பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள்

ஸ்பெயினின் வடக்கே, எப்ரோ ஆற்றங்கரையில் உருவாகும் ஒயின் ரியோஹா. முக்கியத் திராட்சை டெம்ப்ரனீயோ. 'டெம்ப்ரானோ' என்றால் ஸ்பானிய மொழியில் சீக்கிரம்; மற்ற ரகங்களுக்கு முன்பே பழுத்துவிடுவதால் இந்தப் பெயர்.

பாட்டிலின் பின்பக்கம் ஒரு சின்ன முத்திரைச் சீட்டு இருக்கும். அதில் 'கிரியான்சா' என்றிருந்தால், சிவப்பு ஒயினைக் குறைந்தது 2 ஆண்டு வைத்திருந்து விற்கிறார்கள். அதில் 1 ஆண்டாவது ஓக் பீப்பாயில். 'ரெசர்வா' 3 ஆண்டு. 'கிரான் ரெசர்வா' 5 ஆண்டு, அதில் பீப்பாயில் மட்டும் 2 ஆண்டு. பீப்பாயில் கிடக்கக் கிடக்கப் பழ ருசி பின்னுக்குப் போய், வனிலா, பதனிட்ட தோல், புகையிலை வாசனை முன்னுக்கு வரும். சிலருக்கு அது பிடிக்காது. முதல் முறை குடிப்பவருக்குக் கிரியான்சாவே போதும் என்பேன், காசும் மிச்சம்.

கூடச் சாப்பிட என்ன? அந்த ஊரில் கவாத்தில் வெட்டிய திராட்சைக் கொடிகளை எரித்து, அந்தத் தணலில் இளம் ஆட்டின் விலாக்கறியைச் சுடுவார்கள். கொழுப்பு ஒயினின் துவர்ப்பை அடக்கிவிடும். சோரிசோ என்ற பன்றி இறைச்சித் தொத்திறைச்சி (சாசேஜ்) போட்ட உருளைக்கிழங்குக் குழம்பும், மான்செகோ பாலாடைக்கட்டியும் நன்றாகவே சேரும். மிளகாய்க் காரம் தூக்கலான உணவு மட்டும் வேண்டாம், எரிச்சல் கூடும்.

அப்புறம், வெயில் காலத்தில் ஊற்றுவதற்கு முன் 20 நிமிடம் ஃப்ரிட்ஜில் வையுங்கள்.