சுட்ட தோட்டாவின் காலிக்கூட்டைச் சோதிப்பது எப்படி?

அனுப்பர்பாளையத்துப் பாத்திரப் பட்டறையில் வளர்ந்தவன் நான். பித்தளையைத் தட்டத் தட்ட இறுகும். இறுகியதைக் காய்ச்சாமல் மேலும் தட்டினால் கீறல் விடும். எங்க வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். டெக்சாஸில் இருக்கும் அக்கா மகன், "மாமா, இதக் கொஞ்சம் பாருங்க" என்று சுட்ட ரைஃபிள் தோட்டாவின் கூட்டைக் கையில் கொடுத்தான். அதுவும் நம்ம பித்தளைதான்: 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி இந்தியாவில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். இந்தப் பதிவு, சட்டம் அனுமதிக்கும் நாடுகளில் தோட்டாவை மறுநிரப்பிச் சுடும் நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு.

படி 1: பிரித்துத் துடைத்தல்

எத்தனை முறை சுட்டது என்பதை வைத்துத் தனித்தனிப் பெட்டியில் போடுங்க. கலந்துவிட்டால் எது கிழடு என்றே தெரியாது. அம்மோனியா கலந்த பாலிஷ் வேண்டவே வேண்டாம். வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியாவில் குதிரை லாயத்தை ஒட்டி அடுக்கி வைத்த தோட்டாக்கள் மழைக்காலத்தில் தாமாகவே வெடிப்பு விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து வந்த அம்மோனியாதான் காரணம் என்று 1921-இல் விளக்கினார்கள்.

படி 2: காதால் பார்த்தல்

நாலைந்து கூடுகளைக் கையில் போட்டுக் குலுக்குங்க. நல்லது கணீரென்று பேசும். கீறல் விட்டது கரகரக்கும், ஓட்டைக் குடத்தைத் தட்டினது போல. கழுத்தில், அதாவது குண்டைச் செருகும் வாய்ப்பக்கத்தில், நீளவாக்கில் கீறல் இருந்தால் அந்தக் கூட்டைக் கழித்துவிடுங்க. அதே பெட்டியில் மற்றவற்றின் கழுத்தும் இறுகிப் போயிருக்கும். அவற்றைக் காய்ச்ச வேண்டிய நேரம் வந்துவிட்டது. கழுத்தையும், அதற்குக் கீழே சரிந்து விரியும் தோளையும் மட்டும் காய்ச்ச வேண்டும். அடிப்பக்கம் சூடேறி இளகினால் அந்தக் கூட்டை மறுபடி சுடவே கூடாது.

படி 3: அடிவளையம்

அவசரப்படாமல் பார்க்க வேண்டியது இதைத்தான். சுடும்போது கூட்டின் மெல்லிய முன்சுவர் சேம்பரில் (துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறை) ஒட்டிக்கொள்ளும், தடித்த அடிப்பக்கம் பின்னால் போல்ட்டை (சேம்பரைப் பின்னாலிருந்து அடைக்கும் தண்டு) நோக்கித் தள்ளப்படும். இரண்டுக்கும் நடுவில், அடியிலிருந்து சுமார் 6 மில்லிமீட்டர் மேலே, சுவர் இழுபட்டு மெலியும். தோளை டையில் (சுட்ட கூட்டை மறுபடி அளவுக்குக் கொண்டுவரும் அச்சு) வைத்து அளவுக்கு மேல் பின்தள்ளும் பழக்கம் இருந்தால் ஒவ்வொரு சுடுதலிலும் இழுபடும். ஒருநாள் அந்த இடத்திலேயே இரண்டாக அறுந்து, கொதிக்கும் வாயு சுடுபவர் முகத்துக்கே திரும்பலாம்.

வெளியே பளபளவென்று ஒரு வளையம் தெரிந்தால் உடனே பயப்பட வேண்டாம். டை உரசின தடமாகவும் இருக்கலாம். உள்ளே பார்த்தால்தான் உண்மை தெரியும். பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியைக் கூராக்கிக் கொக்கிபோல் வளையுங்க. உள்ளே விட்டுச் சுவரோடு ஒட்டி, அடியிலிருந்து மேலே இழுங்க. பள்ளத்தில் சிக்கினால் சுவர் மெலிந்துவிட்டது. ஒன்றில் அப்படித் தட்டுப்பட்டால், அத்தனை முறையே சுட்ட மொத்தப் பெட்டியையும் கழிப்பேன். பித்தளை விலையைப் பார்க்கிற இடமில்லை இது. பிறகு டையைத் திருத்துங்க: போல்ட் ரைஃபிளில் தோள் 0.05 மில்லிமீட்டர் வரை பின்போனால் போதும்.

படி 4: மற்றவை

புது ப்ரைமர் (கூட்டின் அடியில் பொருத்தும், வெடிமருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி) விரலால் அழுத்தினாலே உட்கார்ந்தால் அதன் குழி விரிந்துவிட்டது, கூட்டைக் கழியுங்க. அடித்தட்டில் பளிச்சென்று வட்டத் தடமும், கூடவே நசுங்கிய ப்ரைமரும் தெரிந்தால் அழுத்தம் அதிகம். வெடிமருந்தின் அளவைக் குறைக்காமல் அடுத்ததைச் சுடாதீங்க. ப்ரைமர் தட்டையாவதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. தோளில் சின்னப் பள்ளம் இருந்தால் டையில் விடுவதற்கு முன் கூட்டில் தடவும் எண்ணெய் கூடிவிட்டது, சுட்டால் சரியாகும். நீளம் வெர்னியரில் பாருங்க: .308 வின்செஸ்டர் என்ற ரைஃபிள் தோட்டாவின் கூட்டுக்கு உச்சம் 51.18 மில்லிமீட்டர், தாண்டினால் 50.93-க்கு வெட்டுங்க.

கழித்த கூட்டின் வாயைக் குறடால் அப்போதே நசுக்கிவிடுங்க. அப்போதுதான் அது மறுபடி நல்ல பெட்டிக்குள் போகாது.