பழைய கேரவனை விற்கத் தயார் செய்வது: மலையில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு

எங்கள் கேரவனை இந்தச் சித்திரையில் கைமாற்றிவிட்டோம். டெம்போ டிராவலர் சேஸிஸில் கட்டிய வண்டி, 2014 மாடல், ஆறு வருஷம் எங்களோடு இருந்தது. போன வருஷம் முதல் தடவை விளம்பரம் போட்டபோது மூன்று பேர் கோத்தகிரி வரை ஏறி வந்தார்கள். மூன்று பேரும் பின் கட்டிலுக்கு மேலே கூரை மூலையில் விரலை வைத்து அழுத்தினார்கள். பிளைவுட் உள்ளே அமுங்கியது. டீ குடித்துவிட்டு இறங்கிப் போய்விட்டார்கள். அதன் பிறகு நான் செய்ததை, செய்த வரிசையிலேயே எழுதுகிறேன். கழுவுவது, பாலிஷ் போடுவதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன்.

1. முதலில் ஆர்.சி.

துணியும் வாளியும் பிறகு. ஆர்.சி.யில், அதாவது பதிவுச் சான்றில், வாகன வகை என்னவென்று பாருங்கள். வேனை வாங்கி, சீட்டைக் கழற்றி, கட்டில் போட்டவர்கள் பலர் ஆர்.சி.யை மாற்றாமலே விட்டிருப்பார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி இப்படி மாற்ற ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும், மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருக்கவும் வேண்டும். இல்லாவிட்டால் வாங்குபவருக்கு எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுப்பதிலும் சிக்கல், விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸிலும் சிக்கல். அனுமதி வாங்குங்கள், அல்லது பழைய சீட்டுகளை மாட்டி வேனாகவே விற்றுவிடுங்கள். எதுவும் சொல்லாமல் தள்ளிவிடுவது மட்டும் வேண்டாம்.

கடன் வாங்கி எடுத்த வண்டி என்றால் வங்கியின் என்.ஓ.சி.யும் (தடையில்லாச் சான்று) படிவம் 35-ம் கொடுத்து, ஆர்.சி.யில் இருக்கும் ஹைபாதிகேஷனை (கடன் பதிவை) நீக்கிவிடுங்கள்.

2. கூரை ஒழுக்கு (இங்கேதான் எனக்கு ஒரு வருஷம் போனது)

கோத்தகிரி, குன்னூர் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிய மழை. அந்தப் பின் மூலையை நான் இரண்டு தடவை சிலிக்கோன் வைத்து அடைத்தேன். இரண்டு தடவையும் அடுத்த ஐப்பசியில் அதே இடத்தில் கறை வந்தது. நீர் நுழையும் இடம் வேறு, தெரியும் இடம் வேறு என்பது எனக்குப் புரியவில்லை. எங்கள் வீட்டு முன்னால் சரிவு. வண்டி எப்போதும் மூக்கு மேலே பார்த்துத்தான் நிற்கும். முன்பக்க வென்டிலேட்டர் விளிம்பில் நுழைந்த நீர், கூரைக்குள் போகும் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடி வந்து, கடைசி மூலையில் சொட்டியிருக்கிறது. சமதளத்தில் நிற்கும் வண்டியில் இது இவ்வளவு தூரம் ஓடாது. மலையில் ஓடும்.

அதனால் முதல் வேலை, அது ஒழுக்கா வியர்வையா என்று பிரிப்பது. பனிக்காலத்தில் ராத்திரி நாலு பேர் உள்ளே மூச்சு விட்டு, காலையில் பால் காய்ச்சினாலே கூரைத் தகரம் வியர்க்கும். கறை உள்ள இடத்தில் ஒரு ஜாண் அளவு அலுமினியத் தாளை வைத்து, நான்கு விளிம்பையும் டேப்பால் ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். தாளின் அறைப்பக்கம் நனைந்திருந்தால் வியர்வை. தாளைப் பிரித்ததும் அடிப்பக்கம் நனைந்திருந்தால் மேலிருந்து நீர் வருகிறது. வியர்வைக்கு ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதும். ஒழுக்குக்குத்தான் கீழே சொல்கிற வேலை.

ஒழுக்கைக் கண்டுபிடிக்க இரண்டு ஆள் வேண்டும். என் மனைவி டார்ச்சோடு உள்ளே, நான் ஏணியில் ஹோஸ் பைப்போடு வெளியே. சரிவில் தாழ்வாக இருக்கும் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். ஒரு இணைப்புக்குப் பத்து நிமிஷம் நீர் விட்டு, பிறகு அடுத்த மேல் இணைப்புக்கு நகருங்கள். மேலிருந்து தொடங்கினால் எல்லா இணைப்பும் ஒரே நேரத்தில் நனையும், எது ஒழுகியது என்று தெரியாது. முடிந்ததும் வண்டியைத் திருப்பி, மூக்கு கீழே பார்க்க நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து செய்யுங்கள். வாட்டர் சர்வீஸ் கடை பிரஷர் கன் இதற்கு ஆகாது. அந்த வேகத்தில் நல்ல ரப்பரிலும் நீர் புகுந்து உங்களைக் குழப்பிவிடும்.

அடைப்பதற்கு நான் பாலியூரித்தேன் சீலன்ட் மட்டும்தான் சொல்வேன். கூரைக்கு சிலிக்கோன் வேண்டவே வேண்டாம். ஒரு தடவை சிலிக்கோன் பட்ட இடத்தில் பிறகு பெயின்டும் ஒட்டாது, வேறு சீலன்ட்டும் ஒட்டாது. பழையதை பிளாஸ்டிக் சுரண்டியால் முழுக்க எடுத்து, தகரம் பளிச்சென்று தெரியும்வரை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். எனக்கு அரை நாள் இதற்கே போனது. வென்டிலேட்டரைக் கழற்றி, விளிம்புக்கு அடியில் பியூட்டைல் டேப் (ஒட்டும் ரப்பர் நாடா) வைத்து, எவர்சில்வர் திருகு போட்டு, ஓரத்தில் சீலன்ட் இழுத்தேன். பாலியூரித்தேன் காற்றில் இருக்கும் ஈரத்தை எடுத்துத்தான் இறுகும், ஆகவே மூடுபனி கெடுதல் இல்லை. ஒட்டும் இடம் மட்டும் காய்ந்திருக்க வேண்டும். குளிரில் இறுக நேரமாகும். நான் மூன்று நாள் தொடவில்லை.

அமுங்கிய பிளைவுட்டை வெட்டி எடுத்துவிடுங்கள். பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தால் ஒரு மாதம் நன்றாக இருக்கும். அந்த ஒரு மாதம் முடியும்போது வண்டியில் படுத்திருப்பது வேறொரு வீட்டுக் குழந்தையாக இருக்கும். ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளை வாங்குங்கள். தை, மாசி வெயிலில் கதவு ஜன்னலைத் திறந்துபோட்டு, உள்ளே நன்றாகக் காய்ந்த பிறகே புதுப் பலகையை மூடுங்கள். ஓதத்தை உள்ளே வைத்து மூடினால் மறுபடி பூசணம்தான்.

3. பூசண வாடை

மூக்கில் துணி கட்டிக்கொண்டு, வினிகர் நனைத்த துணியால் துடையுங்கள். காய்ந்த பிரஷ் போட்டுத் தேய்த்தால் பூசணம் தூளாகி வண்டி முழுக்கப் பறக்கும். மெத்தை உறைகளைத் துவைத்துவிடலாம். உள்ளே இருக்கும் ஃபோமில் வாடை ஏறியிருந்தால் மாற்றுவதே நல்லது.

பலர் நீலகிரித் தைலத்தைத் தெளித்து வைக்கிறார்கள். எனக்கு அந்த வாசனை பிடிக்கும், ஆனால் விற்கிற வண்டியில் வேண்டாம். உள்ளே ஏறியதும் தைலம் வீசினால் அனுபவமுள்ளவர் எதை மறைக்கிறார்கள் என்றுதான் தேடுவார்.

4. கேஸ், தண்ணீர், பேட்டரி

கேஸ் குழாயில் தேதி அச்சடித்திருக்கும். ஐந்து வருஷம் தாண்டியிருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். எல்லா இணைப்பிலும் சோப்பு நுரை வைத்துப் பாருங்கள், தீக்குச்சி கிட்டவே வரக் கூடாது. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும். அதனால் சிலிண்டர் பெட்டியின் அடியில் காற்றுத் துளை திறந்திருக்க வேண்டும். எங்கள் வண்டியில் யாரோ குளிர் வருகிறது என்று அதைத் துணியால் அடைத்திருந்தார்கள். எடுத்துவிட்டு, பக்கத்தில் எழுதியும் ஒட்டினேன். சிலிண்டர் இணைப்பு உங்கள் பெயரில் உள்ளது, வண்டியோடு அதை விற்க முடியாது. கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர்த் தொட்டிக்கு 5 சதவீத பிளீச் திரவம், லிட்டருக்கு 1 மில்லி. குழாய்களிலும் ஓடவிட்டு, நாலு மணி நேரம் நிறுத்தி, வாடை போகும்வரை அலசுங்கள்.

இன்ஜின் பேட்டரி அல்லாமல், வண்டிக்குள் விளக்கு முதலியவற்றுக்கு இருக்கும் பேட்டரியை முழுக்க சார்ஜ் ஏற்றி, ஒரு ராத்திரி சும்மா விட்டு அளந்தால் 12.6 வோல்ட்டாவது காட்ட வேண்டும். காட்டாவிட்டால் மாற்றுங்கள், அல்லது விலையில் குறைத்துச் சொல்லுங்கள்.

5. பிரேக்

வாங்குகிறவர் அன்றைக்கே மேட்டுப்பாளையத்துக்கு 33 கிலோமீட்டர் இறங்கப் போகிறார். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய ஆயில் இறக்கத்துச் சூட்டில் கொதித்து ஆவியானால், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விடும். இரண்டு வருஷம் ஆகியிருந்தால் மாற்றி, பில்லை ஃபைலில் வையுங்கள். பேட், லைனிங், ஸ்டெப்னி மூன்றையும் பார்த்துவிடுங்கள்.

6. ஆள் வருகிற நாள்

இன்ஜினை முன்கூட்டி ஓட்டிச் சூடாக்கி வைக்காதீர்கள். குளிர்ந்த இன்ஜின் காலையில் ஒரே சாவியில் பிடிப்பதை அவரே பார்க்கட்டும். பழைய பலகையின் புகைப்படம், ஒழுக்கு இருந்த இடம், மாற்றிய பில் எல்லாவற்றையும் நான் முதலிலேயே காட்டினேன். கோயம்புத்தூரிலிருந்து வந்த அந்தத் தம்பதி கேட்ட விலையில் கொஞ்சம்தான் குறைத்தார்கள்.

கீழேயிருந்து வருபவருக்கு இ-பாஸ் (வெளி வண்டிகள் மலைக்கு வர இணையத்தில் எடுக்கும் அனுமதி) பற்றி முன்னாலேயே சொல்லுங்கள். 2024 மே 7-லிருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் அது வேண்டும். நீலகிரிப் பதிவான டி.என். 43 வண்டிக்குத் தேவையில்லை, அவர் வரும் வண்டிக்குத் தேவை.

7. கைமாற்றம்

படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி, பரிவாகன் என்ற அரசு வாகன இணையதளத்தில் நீங்களே பதிவு செய்யுங்கள். மாநிலத்துக்குள் விற்றால் விற்பவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். பணம் வந்துவிட்டது, இனி அவர் பாடு என்று விடாதீர்கள். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஃபாஸ்டேக்கையும் அன்றே மூடிவிடுங்கள்.

பின்சேர்க்கை: கொடைக்கானல் வாசகி ஒருவர், அலுமினியத் தாள் ராத்திரியில் கழன்று விழுந்துவிட்டது என்று எழுதியிருந்தார். ஈரக் கூரையில் மாஸ்கிங் டேப் நிற்காது. ஒட்டும் இடத்தைத் துணியால் துடைத்து, ஹேர் டிரையர் காட்டி, துணி டேப் போட்டுப் பாருங்கள்.

இன்னொரு பின்சேர்க்கை: கூடலூர் நண்பருக்குக் கேரளத்து ஆள் கிடைத்திருக்கிறார். வேறு மாநிலத்துக்குப் போகும் வண்டிக்குப் படிவம் 28-ல் என்.ஓ.சி. வாங்க வேண்டும். அவர் வண்டியில் மறந்துபோன பழைய அபராதச் சலான் ஒன்று நிலுவையில் இருந்து, அதைக் கட்டும்வரை விண்ணப்பம் நகரவில்லை. விளம்பரம் போடுவதற்கு முன்பே வண்டி எண்ணைப் போட்டு நிலுவை உண்டா என்று பார்த்துக் கட்டிவிடுங்கள்.