முழக்கம் எந்த இடத்தில் மிரட்டலாகிறது? போராடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாலையில் உட்கார்ந்தாலே வன்முறை என்பார்கள் சிலர். கை ஓங்காதவரை எல்லாம் அறவழிதான் என்பார்கள் வேறு சிலர். இரண்டுமே தவறு. போராடப் போகிறவர்கள் அதிகம் சறுக்குவது இரண்டாவதில்தான்.

முதலாவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அமைதியாகக் கூடும் உரிமை குறித்து ஐ.நா. மனித உரிமைக் குழு 2020-ல் ஒரு பொது விளக்கம் வெளியிட்டது. காயமோ சாவோ நேரும் அளவுக்குப் பிறர்மீது பலத்தைக் காட்டுவதும், சொத்துக்குப் பெரும் சேதம் விளைவிப்பதும்தான் அதன்படி வன்முறை. வெறும் தள்ளுமுள்ளும் போக்குவரத்துத் தடையும் அதில் சேராது. மறியலுக்குக் கைது செய்யலாம், வழக்கும் வரலாம்; அதனாலேயே அது வன்முறை ஆகிவிடாது. 1960-ல் அமெரிக்காவின் கிரீன்ஸ்பரோவில் கறுப்பின மாணவர்கள் நால்வர், வெள்ளையர்களுக்கு மட்டும் பரிமாறிய உணவு மேசையில் உட்கார்ந்து, கடை மூடும்வரை எழவில்லை. கடைக்கு இடைஞ்சல்தான். யாரையும் அவர்கள் அச்சுறுத்தவில்லை.

இனி இரண்டாவது. பதவியில் இருப்பவரின் அலுவலகத்தை விட்டுவிட்டு வீட்டுக்குப் போவதுதான் பலரும் செய்யும் தவறு. 1985-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துப் புரூக்ஃபீல்டில், கருக்கலைப்பு செய்துவந்த ஒரு மருத்துவரின் வீட்டு முன்னால் எதிர்ப்பாளர்கள் கூடினார்கள். ஒரு சமயம் 11 பேர், இன்னொரு சமயம் 40-க்கும் மேல். ஒரு மாதத்துக்குள் குறைந்தது ஆறு முறை. பெரும்பாலும் ஒழுங்காகவே நின்றார்கள். ஆனாலும் ஒரு குறிப்பிட்ட வீட்டைக் குறிவைத்து நிற்பதைத் தடைசெய்யலாம் என்று 1988-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அலுவலக வாசலில் கேட்கும் கோஷத்தைப் பிடிக்காதவர் ஜன்னலைச் சாத்திக்கொள்வார், மாலையில் கிளம்பிவிடுவார். வீட்டில் இருப்பவர் விளக்கை அணைத்துவிட்டு, கூட்டம் போய்விட்டதா என்று திரைச்சீலை ஓரமாக எட்டிப் பார்க்க வேண்டியிருக்கும். அவரோடு சேர்ந்து, பதவிக்கும் கொள்கைக்கும் சம்பந்தமே இல்லாத பிள்ளைகளும் பார்ப்பார்கள்.

அதனால் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: எதிரே இருப்பவரால் விலகிப் போக முடிகிறதா? அறைக்குள் வைத்து மணிக்கணக்கில் வெளியே விடாத முற்றுகை, காரைப் பின்தொடர்வது, கைப்பேசி எண்ணைப் பரப்பி "கூப்பிட்டுக் கேளுங்கள்" என்பது எல்லாமே இதில் தோற்றுவிடும். "நான் ஒரு தடவைதானே கூப்பிட்டேன்" என்று ஒவ்வொருவரும் சொல்வார்கள். நடுராத்திரியில் முந்நூறாவது அழைப்பை எடுப்பவருக்கு அது ஒரு தடவை அல்ல.

"உன் பெண் எந்தப் பள்ளியில் படிக்கிறாள் என்று தெரியும்" என்பதில் கெட்ட வார்த்தை ஒன்றும் இல்லை. மிரட்டல்தான்.

கடைசியாக, கல். எவனோ ஒருவன் எறிந்த கல்லுக்காகக் கூட்டம் முழுவதையும் வன்முறைக் கும்பல் என்பது தவறு, ஐ.நா. விளக்கமும் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் எறிந்தவனுக்குக் கை தட்டியவர்கள் அந்தச் சலுகையைக் கேட்கக் கூடாது. 1922-ல் சௌரி சௌராவில் கூட்டம் காவல் நிலையத்துக்குத் தீ வைத்து, இருபதுக்கும் மேற்பட்ட காவலர்கள் இறந்தபோது, காந்தி ஒத்துழையாமை இயக்கத்தையே நிறுத்தினார். கூட இருந்தவர்களுக்கே அது கசந்தது. அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், முதல் கல்லை எடுப்பவனின் கையை யார் பிடிப்பது என்பதை ஊர்வலம் கிளம்பும் முன்பே பெயர் சொல்லி முடிவு செய்துகொள்ளுங்கள்.